பால் குடித்தபடியே தூங்கும் 5 மாதக் குழந்தை: மாற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா?

விழித்திருப்பவள் | இரவு 2.50

என் மகளுக்கு 5 மாதம் முடிந்து 10 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். இரவு 9 மணிக்கு மடியில் குடித்தபடியே கண் சொருகிவிடுவாள். அப்புறம் 11.30, 1.30, 3, 4.15 என்று எழுகிறாள். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்தால்தான் அடங்குகிறாள். 3 மாதத்தில் ஒரே மூச்சாக 5 மணி நேரம் தூங்கியவள் இவள். எடை ஒழுங்காக ஏறுகிறது, மருத்துவர் குறை எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இப்போதே பகலில் நிற்கும்போது கண் இருட்டுகிறது.

மடியிலேயே தூங்கப் பழக்கியதுதான் தப்பு என்கிறாள் ஒரு தோழி. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் என்ன பழக்கம் கெட்டுப்போகும் என்கிறார் அம்மா. நான் யார் சொல்வதைக் கேட்பது?

கடிகாரம் | காலை 7.15

உங்கள் தோழி பக்கம்தான் நான். இரண்டு பிள்ளைகளின் அப்பா என்ற முறையில் சொல்கிறேன். கைக்குழந்தையின் தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது லேசாக விழிப்பு தட்டும். மடியில் பால் குடித்துக்கொண்டே தூங்கியவள் விழிக்கும்போது மடி இல்லை, பாலும் இல்லை. எதை வைத்துத் தூங்கினாளோ அதைத் தேடி அழுகிறாள். நான்கு விழிப்புக்கும் பசிதான் காரணம் என்று சொல்ல முடியாது.

பாலை வரிசையின் முதலுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் பால், அப்புறம் உடம்பு துடைத்தல், டயபர், இரவு உடுப்பு, விளக்கைக் குறைத்து ஒரே ஒரு பாட்டு. முழுதாகத் தூங்கிவிடாமல் கண் கிறங்கியிருக்கும்போதே படுக்கையில் விடுங்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 405 தாய்மார்கள் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரம் தினமும் ஒரே வரிசையைக் கடைப்பிடித்த வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் எழுவதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது.

மடிச்சூடு | காலை 9.40

கடிகாரம் சகோ, அந்த 405 பேரின் பிள்ளைகளுக்கு என்ன வயது என்றும் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் 7 மாதத்துக்கு மேல். பாதிப் பேர் ஒன்றரை வயது தாண்டியவர்கள். அதை 5 மாதக் குழந்தைக்கு அப்படியே பொருத்துவது நியாயமா?

தோழி, உங்கள் மகள் செய்வதில் கோளாறு எதுவும் இல்லை. கனடாவில் 388 குழந்தைகளைக் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 6 மாத வயதில் 38 சதவீதம் பேர் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். அவர்களுடைய வளர்ச்சியில் எந்தப் பின்னடைவும் தெரியவில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். வேலைக்குப் போகப் போகிற அம்மா இரவுப் பாலை நிறுத்தினால் சுரப்பே குறையலாம். அப்போது கடிகாரம் வந்து ஈடு கட்டுவாரா?

கடிகாரம் | காலை 10.30

வயதைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலை நிறுத்தச் சொல்லவில்லை, அக்கா. பாலையும் தூக்கத்தையும் பிரிக்கத்தான் சொன்னேன். அழவிட்டுத் தூங்கப் பழக்குவதுகூட நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கொடுமை இல்லை. ஆஸ்திரேலியாவில் 2016-ல் 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அழும் குழந்தையிடம் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் முறையால் மன அழுத்த ஹார்மோன் ஏறவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அம்மாவோடு உள்ள ஒட்டுதலிலும் குறை இல்லை.

மடிச்சூடு | காலை 11.05

43 குழந்தைகள்! மூன்று குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 14, 15 பேர். அதை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

என் இரண்டாவது மகன் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 4 மாதத்தில், பெரியவர்கள் சொன்னார்கள் என்று இரண்டு இரவு அழவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல். காதில் சீழ் பிடித்திருந்தது. அவன் வலியில் அழுதிருக்கிறான், நான் கதவுக்கு வெளியே நின்று மணி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கதவை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு அழுகை ஒன்றுதான் வாய். அதன் காரணம் என்ன என்று பார்க்கும் முன்னால் பழக்கம் என்று முடிவு கட்டாதீர்கள்.

அவசரம் | பகல் 12.20

இவ்வளவு பேச்சு எதற்கு? ராத்திரி புட்டியில் கொஞ்சம் தானிய மாவைக் கரைத்துக் கொடுங்கள். வயிறு நிறைந்தால் விடிய விடியத் தூங்கும்.

இரவுச்செவிலி | பகல் 12.45

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1989-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள், தூக்கம் கூடவில்லை. புரையேறும் ஆபத்தும் உண்டு. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குழந்தைகள் வார்டில் பல வருடம் இரவு வேலை பார்த்தவள் நான். இரண்டு பக்கமும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: 3 மணிக்குப் பால் கொடுக்கும்போது எங்கே உட்காருகிறீர்கள்? சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ என்றால் இன்றே மாற்றுங்கள். கண் இருட்டும் அளவுக்குக் களைத்த அம்மா குழந்தையோடு சோபாவில் தூங்கிப்போவதுதான் எனக்கு மிகப் பெரிய பயம். உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தையின் முகம் புதைந்துவிடும். தூங்கிவிடுவோமோ என்ற சந்தேகம் இருந்தால், தலையணையும் கனத்த போர்வையும் எடுத்துவிட்ட கட்டில் சோபாவைவிட ஆபத்துக் குறைவு. விழிப்பு வந்த உடனே அவளை அவளுடைய படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். கெட்டியான, சமமான படுக்கை, வேறெதுவும் அதில் வேண்டாம். முதல் 6 மாதமாவது ஒரே அறையில், தனிப் படுக்கையில் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-லும் சொல்லியிருக்கிறது. 1994-ல் அங்கே மல்லாக்கக் கிடத்தச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானதை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. 3 மாதத்தில் நன்றாகத் தூங்கியவள் இப்போது எழுவது நீங்கள் செய்த தப்பு இல்லை. 4 மாதம் வாக்கில் தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது. இன்னொன்று, இந்த வயதில் உலகம் கண்ணில் பட ஆரம்பிக்கும். பகலில் இரண்டு வாய் குடித்துவிட்டு, சத்தம் வந்த பக்கம் திரும்பிவிடுவார்கள். விட்டதை இரவில் வசூலிப்பார்கள். பகல் பாலை இருட்டான, அமைதியான அறையில் கொடுத்துப் பாருங்கள்.

சிணுங்கல் கேட்டதும் தூக்கிவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டே முகம் சுளிப்பதும் முனகுவதும் தூக்கத்தின் ஒரு பகுதிதான். ஒரு நிமிடம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். உண்மையாகவே விழித்திருந்தால் அழுகை வலுக்கும். கடிகாரம் சொன்ன வரிசையை இப்போதே தொடங்கலாம், அதனால் கெடுதல் இல்லை. அழவிடுவதை இந்த வயதில் நான் சொல்ல மாட்டேன்.

புதுத்தந்தை | மாலை 6.30

அப்பா எங்கே என்று யாருமே கேட்கவில்லையே? எங்கள் வீட்டில் 1.30 மணி விழிப்பு என்னுடையது. டயபர் பார்ப்பேன், தோளில் போட்டுத் தட்டுவேன், இருட்டிலேயே நடப்பேன். பால் வாசனை இல்லாத தோள் என்பதாலோ என்னவோ, பாதி நாள் அப்படியே தூங்கிவிடுகிறான்.

மடிச்சூடு | மாலை 6.50

மீதிப் பாதி நாள்? பசியோடு இருப்பவனை எவ்வளவு நேரம் தட்டுவீர்கள்?

புதுத்தந்தை | மாலை 7.05

5 நிமிடம். அடங்கவில்லை என்றால் அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். பால் முடிந்ததும் ஏப்பம் எடுக்க வைப்பதும் திரும்பக் கிடத்துவதும் என் வேலை. அவளுக்கு 20 நிமிடம் மிச்சமாகிறது. அந்த 20 நிமிடத்தின் மதிப்பு எனக்கு இந்தப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது.

மடிச்சூடு | மாலை 7.20

5 நிமிடம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கிறக்கத்தில் கிடத்துவது எல்லாக் குழந்தையிடமும் நடக்காது. என் மூவரில் ஒருத்திதான் அப்படித் தூங்கினாள். நடக்கவில்லை என்றால் அம்மா தன்னையே நொந்துகொள்ளக் கூடாது.

கடிகாரம் | இரவு 8.10

ஒரு வாரம் தொடர்ந்து முயலாமல் நடக்காது என்று சொல்லிவிட முடியாது, அக்கா. எங்கள் மூத்தவள் ஒன்பதாவது நாள்தான் பிடிகொடுத்தாள்.

விழித்திருப்பவள் | 12 நாள் கழித்து, இரவு 3.10

எல்லோருக்கும் நன்றி. இரவுச்செவிலி அக்கா, நான் சோபாவில்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது. அன்றிரவே கட்டிலுக்கு மாறிவிட்டேன்.

பகல் பாலை இருட்டறையில் கொடுக்க ஆரம்பித்த நாலாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. நன்றாக இழுத்துக் குடிக்கிறாள். 4.15 விழிப்பு இப்போது அநேகமாக இல்லை. 1.30-ஐ அவளுடைய அப்பா எடுத்துக்கொண்டார். சில நாள் அவரிடமே தூங்குகிறாள், சில நாள் என்னிடம் வந்துவிடுகிறாள். 11.30-ம் 3 மணியும் பசிதான், அவள் குடிக்கிற வேகத்திலேயே தெரிகிறது. அவற்றைத் தொடவில்லை, தொடவும் போவதில்லை.

கடிகாரம் சார், உங்கள் வரிசையைத் தினமும் செய்கிறோம். விளக்கைக் குறைத்ததுமே கண்ணைக் கசக்க ஆரம்பிக்கிறாள். ஆனால் கிறக்கத்தில் கிடத்துவது மட்டும் நடக்கவில்லை. ஆறு நாள் முயன்றோம், ஆறு நாளும் வீறிட்டாள். கடைசிப் பாலை மடியிலேயே கொடுத்துத் தூங்க வைக்கிறேன். 7 மாதம் ஆகட்டும், மறுபடி பார்க்கலாம்.

இப்போதுதான் குடித்து முடித்தாள். தோளில் இருக்கிறாள், ஏப்பம் இன்னும் வரவில்லை.