புது ரூட்டர் மாட்டினதில் இருந்து பில்லிங் கம்ப்யூட்டரில் டாலி கம்பெனியைக் காட்ட மாட்டேங்குது, உதவுங்க

அம்பை மில் கணக்கு (திங்கள், காலை)

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை எனக்குத் தெரியாது, கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் டாலி மட்டும் நல்லாத் தெரியும். அதனால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

மொத்தம் மூணு கம்ப்யூட்டர். ஒண்ணு முதலாளி ரூமில். டாலி பிரைம் கோல்டு லைசென்ஸும் (பல கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஓட்டுறது) டேட்டாவும் அதில்தான் இருக்கு. ரெண்டாவது முன்பக்கம் பில்லிங்கில், நான் உட்காரும் இடம். மூணாவது கேட்டை ஒட்டி, லாரி எடை போடுற வேபிரிட்ஜ் ரூமில். நாலு வருஷமா மூணிலும் ஒரே நேரத்தில் வேலை பார்த்திருக்கோம், ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

சனிக்கிழமை நெட் கனெக்‌ஷனை மாத்தினோம். வந்த தம்பி பழைய ரூட்டரைக் கழட்டிப் புதுசை மாட்டினார். மூணிலும் நெட் வருதான்னு பார்த்துட்டுப் போயிட்டார். இன்னைக்குக் காலையில் பில்லிங்கில் டாலியைத் திறந்தா எஜுகேஷனல் மோடுன்னு (லைசென்ஸ் இல்லாம பழகிப் பார்க்கிற மோடு) காட்டுது. கம்பெனி லிஸ்ட் காலியா இருக்கு. சோதனைக்குப் புதுசா ஒரு கம்பெனி போட்டுப் பார்த்தேன். 9ஆம் தேதிக்கு வவுச்சர் ஏற மாட்டேங்குது, 1, 2 தேதிக்கு ஏறுது. வேபிரிட்ஜிலும் இதே கதைதான். முதலாளி ரூமில் மட்டும் எல்லாம் சரியாத் திறக்குது.

பிசான அறுப்பு நேரம், கேட்டில் நெல் லோடு வரிசையா நிக்குது. புனலூர் போக வேண்டிய 25 கிலோ சிப்பம் லாரியில் ஏத்தியாச்சு. பில் போட்டாத்தான் லாரியோட போற இவே பில் எடுக்க முடியும். 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) வேற போகணும்.

முதலாளியோட தங்கச்சி மகன், "டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி பண்ணி பில்லிங்கில் போட்டு இப்போதைக்கு ஓட்டுங்க, பிறகு பார்த்துக்கிடலாம்"னு சொல்லுதாரு. செய்யலாமா?

பாளை ஹார்டுவேர்

தங்கச்சி, காப்பி பண்ணிராதீங்க. டாலியை அழிச்சுட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். உங்க டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகலை. முதலாளி ரூமில் திறக்குதுன்னு சொல்லுதீங்கல்ல, அது போதும்.

மூணு கம்ப்யூட்டரிலும் சிஎம்டி (கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோ) திறந்து ஐபிகான்ஃபிக்னு அடிங்க. ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு வரி வரும், நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரோட நம்பர் அது. மூணு நம்பரையும் இங்கே போடுங்க. பில்லிங் டாலியில் லைசென்ஸ் செட்டிங்குக்குள்ள போனா ஒரு ஐபியும் பக்கத்தில் 9999ன்னு போர்ட் நம்பரும் இருக்கும். அந்த ஐபியையும் எழுதுங்க.

தென்காசி கணக்காளர்

பென் டிரைவ் பற்றி நான் சொல்லுதேன். இருபத்திரண்டு வருஷமா கணக்கு எழுதுதேன், இதில் ஒருதரம் பட்டிருக்கேன்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு டெப்போவில் இதே மாதிரி நெட்வொர்க் போச்சு. டேட்டாவை ரெண்டாவது கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணி ரெண்டிலும் பில் போட்டாங்க. மூணு வாரம் யாருக்கும் எதுவும் தெரியலை. மாசக் கடைசியில் பார்த்தா 412ஆம் நம்பர் பில் ரெண்டு இருக்கு. ஒண்ணு கடையநல்லூர் பார்ட்டிக்கு, ஒண்ணு சங்கரன்கோவில் பார்ட்டிக்கு. ரெண்டு பேரும் அதே நம்பரில் பணம் கட்டியிருக்காங்க. ஸ்டாக் ஒரு கம்ப்யூட்டரில் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணில் வேற சொல்லுது. ரெண்டு டேட்டாவையும் பக்கத்தில் வச்சுக்கிட்டு ஒவ்வொரு பில்லா ஒட்டிச் சேர்க்க எனக்குப் பதினோரு ராத்திரி ஆச்சு.

ஒரு கம்பெனிக்கு ஒரு டேட்டா, அது ஒரே இடத்தில்தான் இருக்கணும். இன்னைக்கு லாரி போகணும்னா முதலாளி ரூமிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பில் போடுங்க. அவர் மூஞ்சியைப் பார்க்கத் தயக்கமா இருக்கும், தெரியும். இருந்தாலும் அதைச் செய்யுங்க. வேபிரிட்ஜில் எடைச் சீட்டைக் கையால் எழுதி உங்ககிட்ட அனுப்பச் சொல்லுங்க.

இன்னொண்ணு. மெயினில் டாலி திறந்திருக்கும்போது அந்த ஃபோல்டரை யாரும் இழுத்து வேற இடத்தில் போட்டுறக் கூடாது. ஃபைல் பாதியில் எழுதிக்கிட்டு இருக்கும், காப்பியும் பாதியாத்தான் வரும். பேக்கப் வேணும்னா ஆல்ட் ஒய் அழுத்தி, டாலிக்கு உள்ளேயே பேக்கப் எடுங்க.

அம்பை மில் கணக்கு

ரொம்ப நன்றி அண்ணாச்சி. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன், அவரே நாற்காலியை இழுத்துப் போட்டாரு. புனலூர் லாரி போயிட்டு.

நம்பர் பார்த்தேன்.
முதலாளி ரூம்: 192.168.0.104
பில்லிங்: 192.168.0.102
வேபிரிட்ஜ்: 192.168.0.107
பில்லிங் டாலி லைசென்ஸில் இருக்கிறது: 192.168.1.5

கடைசி நம்பர் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்குன்னு புரியலை.

பாளை ஹார்டுவேர்

அதுதான் விஷயம். பழைய ரூட்டர் 192.168.1 வரிசையில் நம்பர் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு, புதுசு 192.168.0 வரிசையில் கொடுக்குது. முதலாளி ரூம் மெஷின் ஒரு காலத்தில் 1.5ஆ இருந்துச்சு, இப்போ 0.104. பில்லிங் டாலி இன்னமும் 1.5ஐத் தேடிக்கிட்டு இருக்கு. அந்த நம்பரில் இப்போ யாரும் இல்லை. அதனால லைசென்ஸ் கிடைக்கலை, எஜுகேஷனலுக்குப் போயிட்டு. டேட்டா வழியும் (பாத்) அதே பழைய நம்பரில்தான் இருக்கும், அதான் லிஸ்ட் காலி.

இப்போ 104ன்னு மாத்திட்டா உடனே ஓடும். ஆனா அதோட நிறுத்தினா என்னைக்காவது கரண்ட் போய் ரூட்டர் திரும்ப எழும்போது வேற நம்பர் கொடுத்துரும், திரும்பவும் இதே பாடு. அதனால முதல்ல நம்பரை நிலைப்படுத்துங்க. ரூட்டரோட செட்டிங் பக்கத்துக்குள்ள போனா டிஎச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும். (சில ரூட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன்னு போட்டிருக்கும்.) அங்கே முதலாளி ரூம் மெஷினைத் தேர்ந்தெடுத்து 192.168.0.50ன்னு கொடுங்க. ரூட்டரையும் அந்த மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ணி, ஐபிகான்ஃபிக்கில் 50 வருதான்னு பாருங்க.

பிறகு பில்லிங்கில் சிஎம்டியில் இருந்து பிங் 192.168.0.50ன்னு அடிங்க, அந்த மெஷின் பதில் சொல்லுதான்னு தெரியும். ரிப்ளை வந்தா லைசென்ஸ் செட்டிங்கில் புது நம்பரைப் போடுங்க, போர்ட் 9999 அப்படியே இருக்கட்டும். ரிப்ளை வரலைன்னா அங்கேயே நிறுத்திட்டு இங்கே எழுதுங்க. பிங் போகாம டாலியைக் குடையுறதில் பிரயோஜனம் இல்லை.

அம்பை மில் கணக்கு (மதியம்)

50 நிலைச்சுட்டு. ஆனா பிங் அடிச்சா நாலு வரியும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்.

பாளை ஹார்டுவேர்

எதிர்பார்த்தேன். புது நெட்வொர்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் அதைப் பப்ளிக்னு எடுத்துக்கிடும். பஸ் ஸ்டாண்டு வைஃபையில் உட்கார்ந்திருக்கோம்னு நினைச்சு யாரையும் உள்ளே விடாது. முதலாளி ரூம் மெஷினில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குப் போய் அந்தக் கனெக்‌ஷனைப் பிரைவேட்னு மாத்துங்க. ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங் ஆன்ல இருக்கணும். ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்லி யாராவது சொன்னாக் கேட்காதீங்க. கணக்கு இருக்கிற மெஷின் அது. லைசென்ஸைக் கொடுக்கிற டாலி கேட்வே சர்வருக்கும் 9999க்கும் மட்டும் அனுமதி கொடுத்தாப் போதும்.

டேட்டா ஃபோல்டரை "எவ்ரிஒன்"னு பாஸ்வேர்டு இல்லாம ஷேர் பண்ணியிருந்தா அதையும் இப்பவே மாத்திருங்க. முதலாளி ரூம் மெஷினில் கணக்குக்குன்னு தனி யூசர் ஒண்ணு பாஸ்வேர்டோட உண்டாக்கி, அந்த யூசருக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி கொடுங்க. மற்ற ரெண்டு மெஷினிலும் அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் ஒருதரம் கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லிருங்க. புது விண்டோஸ் 11இல் பாஸ்வேர்டு இல்லாத ஷேர் பல இடத்தில் திறக்கவே மாட்டேங்குது.

அம்பை மில் கணக்கு (சாயங்காலம்)

அண்ணாச்சி, பிரைவேட்னு மாத்தினதும் பிங் வந்துட்டு! லைசென்ஸும் வந்துட்டு, மேலே கோல்டுன்னு காட்டுது.

ஆனா இன்னும் கம்பெனி வரலை. ஷேர் ஃபோல்டரை இசட் டிரைவ்னு மேப் பண்ணியிருக்கேன். விண்டோஸில் திறந்தா உள்ளே நம்பர் போட்ட ஃபோல்டர் எல்லாம் தெரியுது. டாலியில் கம்பெனி தேர்ந்தெடுக்கிற இடத்தில் இசட்னு கொடுத்தா, அப்படி ஒரு டிரைவே இல்லைங்கிற மாதிரி நடந்துக்குது. கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதை இல்லைன்னு சொல்லுது. ரெண்டு மணி நேரமா இதோட மல்லுக்கட்டுதேன்.

வள்ளியூர் டாலி

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இது எனக்குத் தெரியும். டெஸ்க்டாப்பில் இருக்கிற டாலி ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாருங்க. கம்பேட்டிபிலிட்டியில் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்"ன்னு டிக் இருக்கா?

இருந்தா எடுத்துருங்க. நீங்க மேப் பண்ணின இசட் டிரைவ் உங்க சாதாரண லாகினுக்கு மட்டும்தான் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டரா ஓடுற புரோகிராமை விண்டோஸ் வேற ஆளா நினைக்கும், அந்த ஆளுக்கு இசட் டிரைவே கிடையாது. ஒரே ஸ்கிரீன்தான், ஆனா ரெண்டு பேர். இன்ஸ்டால் பண்ணும்போது எதுக்கோ டிக் போட்டுட்டு அப்படியே விட்டுருப்பாங்க.

இன்னும் நல்ல வழி, இசட்டே வேண்டாம். டேட்டா வழியில் ரெண்டு பின்சாய்வுக் கோடு போட்டு 192.168.0.50, அடுத்து ஒரு கோடு போட்டு ஷேர் ஃபோல்டர் பேரை நேராவே எழுதிருங்க. டிரைவ் லெட்டர் காலையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது சிலசமயம் சேராமல் சிவப்புக் குறியோட நிக்கும். நேர் வழியில் அந்தத் தொல்லை கிடையாது.

மூணு மெஷினிலும் டாலி ஒரே ரிலீஸ்தானான்னும் (வெர்ஷன்) பார்த்துக்கிடுங்க. ஒண்ணில் மட்டும் புதுசு ஏத்தி, டேட்டாவை அது மாத்திட்டா, பழைய ரிலீஸில் அந்தக் கம்பெனி திறக்காது.

அம்பை மில் கணக்கு (செவ்வாய், காலை)

டிக் இருந்துச்சு! எடுத்துட்டு நேர் வழியையும் கொடுத்தேன். கம்பெனி வந்துட்டு. நேத்து முதலாளி ரூமில் போட்ட 1186ஆம் பில் வரைக்கும் பில்லிங்கில் தெரியுது. அடுத்தது 1187ன்னு தானா வருது. எனக்குக் கண் கலங்கிட்டு, நிஜமாத்தான் சொல்லுதேன்.

வேபிரிட்ஜிலும் அதே மாதிரி செஞ்சேன், திறக்குது. ஆனா நடுவில் நடுவில் அறுந்து போகுது. முன்னாடி அது ஒயரில்தான் இருந்துச்சு. சனிக்கிழமை வந்த தம்பி ஒயர் லூசா இருக்குன்னு வைஃபைக்கு மாத்திட்டுப் போயிருக்கார். பிங்கைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 3, 4 மில்லிசெகண்டு. லோடு லாரி மேடையில் ஏறி நின்னதும் 300, 400ன்னு போய் டைம் அவுட் ஆகுது. லாரி இறங்கினதும் திரும்ப 4. மூணு லாரிக்கு உட்கார்ந்து பார்த்தேன், மூணுக்கும் இதே மாதிரிதான்.

பாளை ஹார்டுவேர்

நல்லா பார்த்திருக்கீங்க தங்கச்சி. ரூட்டருக்கும் அந்த ரூமுக்கும் நடுவில் ஒரு இரும்புச் சுவர் வந்து நிக்குது, அலை எப்படிப் போகும்? எடை போடுற நேரம்தான் எழுதுற நேரம், அப்போதான் அறுந்தும் போகுது. டாலி டேட்டா எழுதும்போது லைன் அறுந்தா ஃபைல் கெட்டுப் போகும். கணக்கு ஓடுற மெஷினுக்கு வைஃபை வேண்டவே வேண்டாம்.

பழைய ஒயர் அங்கேயே கிடக்கா? முனையைக் கழட்டிப் பாருங்க. கேட்டில் இருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம்?

அம்பை மில் கணக்கு

அறுபது மீட்டர் இருக்கும். ஒயர் கிடக்கு. முனையில் பிளாஸ்டிக் நாக்கு ஒடிஞ்சிருக்கு, அதான் செருகினா நிக்கலை. கம்ப்யூட்டர் பக்கத்து ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தவிட்டுத் தூசி ஈரத்தில் படிஞ்சு அடை மாதிரி ஒட்டியிருக்கு, உள்ளே இருக்கிற தங்கக் கம்பி எட்டில் ரெண்டுதான் கண்ணுக்குத் தெரியுது.

பாளை ஹார்டுவேர்

அறுபது மீட்டர்னா கவலை இல்லை, நூறு மீட்டர் வரைக்கும் ஒயர் தாங்கும். மெஷினை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால் அந்த ஓட்டையை மெதுவாத் தட்டி எடுங்க. வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் இறங்கும். முனைக்குப் புது கனெக்டர் கிரிம்ப் பண்ண அம்பையிலேயே ஆள் இருப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. அப்படியே ஒயர் போற வழியையும் பார்க்கச் சொல்லுங்க. அரவை மோட்டாருக்குப் போற த்ரீ பேஸ் லைனோட சேர்த்துக் கட்டியிருந்தா, பிரிச்சுத் தனிப் பைப்பில் விடணும்.

ஜங்ஷன் கடை

பேக்கப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எங்க கடை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆத்துத் தண்ணி உள்ளே வந்துட்டு. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே தரையில் இருந்துச்சு, பேக்கப் பென் டிரைவ் அதே மேஜை டிராயரில். ரெண்டும் சேர்ந்தே போச்சு. கடைசியில் எங்களைக் காப்பாத்தினது, ஆடிட்டருக்கு நவம்பரில் அனுப்பின பழைய பேக்கப் ஒண்ணுதான். நடுவில் இருந்த நாட்களைப் பார்ட்டிகளோட பில் நகலை வாங்கி வாங்கி ஏத்தினோம். எல்லாரும் நல்ல மனசோட கொடுத்தாங்க, அதைச் சொல்லணும்.

இப்போ சிபியூ ரெண்டரை அடி உயர ஸ்டாண்டில் இருக்கு. பென் டிரைவ் ரெண்டு வச்சிருக்கோம். ஒண்ணு கடையில், ஒண்ணு என் வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம் மாத்திக்கிடுவோம். மாசம் ஒருதரம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ரிஸ்டோர் பண்ணித் திறக்குதான்னும் பார்த்துருவோம். ஆற்றங்கரை ஊர்தானே உங்களுக்கும்.

அம்பை மில் கணக்கு (புதன், ராத்திரி)

எல்லாருக்கும் பதில் எழுதாம தூங்க மனசு வரலை.

கனெக்டர் மாத்தியாச்சு. ஒயர் நிஜமாவே மோட்டார் லைனோடதான் கட்டியிருந்துச்சு, பிரிச்சாச்சு. வேபிரிட்ஜ் மெஷினில் வைஃபையை அணைச்சாச்சு. இன்னைக்குப் பதினேழு லாரி ஏறி இறங்கிச்சு, பிங் ஒருதரம்கூட 2ஐத் தாண்டலை. ஜிஎஸ்டிஆர்-1 சாயங்காலம் போயிட்டு.

192.168.0.50ன்னு பெரிசா எழுதி ரூட்டர் மேல ஒட்டியிருக்கேன். அடுத்து யார் வந்து ரூட்டரை மாத்தினாலும் முதல்ல அது கண்ணில் படும். பென் டிரைவ் ரெண்டு வாங்க முதலாளி காசு கொடுத்துட்டாரு, சிபியூக்கு ஸ்டாண்டு நாளைக்கு ஆசாரி கொண்டு வருவாரு. தென்காசி அண்ணாச்சி, நீங்க சொன்ன 412 கதையை முதலாளியோட தங்கச்சி மகனுக்கும் படிச்சுக் காட்டினேன். அவரேதான் பென் டிரைவில் "சனி" "புதன்"னு எழுதி வச்சிருக்காரு.