சாங்கோ பேசும் ஊரில் நீங்கள் கண்டது என்ன? – அனுபவப் பகிர்வு

கரையோரம்:
மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பம்பாரி நகரில் ஒரு மருத்துவக் குழுவோடு இருந்தபோது, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஃபுலானி மேய்ப்பர் குடும்பத்துப் பெண் ஒருவர் வந்தார். செவிலியர் பண்டா இனத்தவர். நானோ புதுச்சேரியில் கற்ற பிரெஞ்சை நம்பிப் போனவன். செவிலியர் அந்நாட்டின் பொதுமொழியான சாங்கோவில் கேட்டது அந்தத் தாய்க்குப் பாதிதான் எட்டியது. அப்போது பக்கத்துக் கட்டிலில் கிடந்த க்பாயா இன மூதாட்டி முழங்கையை ஊன்றி எழுந்து, அதே கேள்வியை அதே சாங்கோவில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். தாய் உடனே விரல் மடக்கி, காய்ச்சல் கண்ட நாட்களை எண்ணிக் காட்டினார். மூவரில் எவருக்கும் அது தாய்மொழி அன்று. ஆனால் மருந்துச் சீட்டு பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது; தாய் அதை மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டார். வீட்டில் அதை யார் படித்திருப்பார்கள் என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. யாருக்கும் சொந்தமில்லாத பொதுமொழிக்கு எழுத்தில் இடம் கிடைக்காது போலும்.

மழைக்காலம்:
'யாருக்கும் சொந்தமில்லாத' என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தலைநகர் பாங்கியில் நான் குடியிருந்த தெருவில், திண்ணையில் அமர்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பாட்டி பண்டா மொழியில் பேரனைத் திட்டுவார். அவன் பந்தைக் கீழே போடாமலே சாங்கோவில் பதில் சொல்வான். பாட்டியின் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லேன் என்று நான் கேட்டதற்கு, அவன் அவரைப் பார்த்துச் சிரித்தானே தவிர வாய் திறக்கவில்லை. அவனுக்குத் தாய்மொழியே சாங்கோதான். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே உபாங்கி ஆற்றில் படகோட்டி வணிகம் செய்தவர்களின் ங்பண்டி மொழியிலிருந்து கிளைத்தது அது. அதை வேரற்ற மொழி என்பது முறையன்று.

நடைவழி:
முந்தைய பதிவர் சொல்லும் வரலாற்றை அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடித்தளம் ங்பண்டி என்பதில் சர்ச்சை இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படையெடுப்புகளோடு வந்த பிற பகுதி ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் சுமைகூலிகளும் உள்ளூராரோடு பேச முயன்றதில்தான் இன்றைய சாங்கோ உருவானது என்று அம்மொழிக்கு இலக்கணம் எழுதிய வில்லியம் சமரின் வாதிட்டார். பாங்கியே 1889இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய புறக்காவல் நிலையாகத்தான் தொடங்கியது. என் அனுபவம் சிறியது: தேநீர்க் கடையில் ரேடியோ ந்தெகே லூக்காவின் சாங்கோச் செய்தி தொடங்கியதும், அதுவரை தமக்குள் வெவ்வேறு மொழிகளில் பேசிக்கொண்டிருந்த பெஞ்சுகள் ஒரே நேரத்தில் அடங்கின.

அங்கே போகவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரெஞ்சு அலுவலக வாசல்வரைதான் உதவும். சந்தையில் சாங்கோ இல்லாமல் கதையாகாது. இலக்கணம் எளிது: காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வினைச்சொல் நம் மொழியில் போல் பலவாறு திரிவதில்லை. சிரமம் தொனியில், அதாவது அசையை ஒலிக்கும் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. மேல், நடு, கீழ் என மூன்று நிலைகள் உண்டு. 1984ஆம் ஆண்டின் எழுத்துமுறை மேல்தொனிக்குத் தொப்பிக் குறியும், நடுத்தொனிக்கு இரட்டைப் புள்ளியும் இட்டு, கீழ்த்தொனியைக் குறியின்றி விடுகிறது. பழைய தேவாலய நூல்களில் வேறு எழுத்துமுறை இருப்பதால் அவற்றிலிருந்து தொடங்காதீர்கள். கைப்பேசியில் வரும் குறுஞ்செய்திகளில் குறிகளே இராமல் போகலாம் என்பதால், காதால் கேட்டுப் பழகிய பிறகு எழுத்துக்குப் போவதே நல்லது. மற்றபடி மருந்துச் சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 1991 முதல் சாங்கோவும் ஆட்சிமொழிதானே.

தொலைவெளி:
ஆட்சிமொழி என்று அறிவித்தால் போதுமா? அதே நாட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியர் பிரெஞ்சுப் பாடநூலிலிருந்து வகுத்தல் கணக்கைப் படித்தார், பிள்ளைகள் அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாங்கோவில் விளக்கினார், கைகள் உயர்ந்தன. விடையை மட்டும் பிரெஞ்சில் எழுதச் சொன்னார், ஏனெனில் தேர்வு பிரெஞ்சில்தான் வரும்.