டிரான்ஸாக்‌ஷன் லாக் கோப்பு சுருங்க மறுக்கிறது

கேள்வி:
எஸ்க்யூஎல் சர்வர் 2019இல் இயங்கும் எங்கள் தரவுத்தளத்தின் தரவுக் கோப்பு 40 ஜிபிதான். மாற்றங்களை வரிசையாகப் பதியும் லாக் கோப்போ 180 ஜிபி வரை வளர்ந்து, வட்டு நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. ரெக்கவரி மாடல் (லாக் பதிவுகளை எதுவரை வைத்திருப்பது என்ற அமைப்பு) ஃபுல். இரவுதோறும் முழு பேக்கப் எடுக்கப்படுகிறது. கோப்பைச் சுருக்கும் டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்தாலும் அளவு குறையவில்லை. எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1:
முழு பேக்கப் எத்தனை முறை எடுத்தாலும் லாக் காலியாகாது. ஃபுல் மாடலில் லாக் பேக்கப் எடுத்தால்தான் பழைய பதிவுகள் அடைத்திருந்த இடம் விடுபடும். எனினும் ஊகிக்க வேண்டாம், சிஸ்.டேட்டாபேசஸில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள், காரணத்தைச் சர்வரே சொல்லிவிடும். ஆக்டிவ்_டிரான்ஸாக்‌ஷன் என்றிருந்தால், கமிட் செய்யாமல் திறந்தே கிடக்கும் பரிவர்த்தனையை டிபிசிசி ஓப்பன்டிரான் காட்டிக்கொடுக்கும். ரெப்ளிகேஷன் (தரவை வேறு தரவுத்தளத்துக்கு நகலெடுத்தல்) என்றிருந்தால் அதற்காக லாக்கைப் படிக்கும் லாக் ரீடர் ஏஜென்ட் நின்றுபோயிருக்கலாம். ரெப்ளிகேஷனே அமைக்காத தரவுத்தளத்திலும் சிடிசி (தரவு மாற்றங்களைப் பிடித்துவைக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால் இதே சொல் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேட்டவர்:
அந்த நெடுவரிசையில் லாக்_பேக்கப் என்றே இருந்தது. லாக் பேக்கப் எடுத்ததும், டிபிசிசி எஸ்க்யூஎல்பெர்ஃப் காட்டும் லாக் பயன்பாடு 98 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. ஆயினும் கோப்பு 176 ஜிபிக்குக் கீழே குறைய மறுக்கிறது.

பதில் 2:
லாக் கோப்பு உள்ளுக்குள் விஎல்எஃப் எனப்படும் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். தரவுக் கோப்பைச் சுருக்கும்போது பக்கங்கள் முன்னே நகர்த்தப்படுவதுபோல் லாக் பதிவுகள் நகர்த்தப்படுவதில்லை; வால் பக்கத்தில் காலியாக உள்ள துண்டுகள் மட்டுமே வெட்டப்படும். சிஸ்.டிஎம்_டிபி_லாக்_இன்ஃபோவில் விஎல்எஃப்_ஆக்டிவ் 1 என்றுள்ள வரியைத் தேடுங்கள். உங்கள் கோப்பில் அது ஏறத்தாழ இறுதியில்தான் இருக்கும். அந்தத் துண்டு நிரம்பி, எழுதும் இடம் கோப்பின் தொடக்கத்தில் உள்ள காலித் துண்டுக்குத் திரும்பும்வரை வழக்கமான வேலைகள் நடக்கட்டும். பிறகு மீண்டும் லாக் பேக்கப் எடுத்துவிட்டுச் சுருக்குங்கள்.

பதில் 3:
ரெக்கவரி மாடலை, லாக் பேக்கப் இல்லாமலே பழைய பதிவுகளின் இடம் விடுபடும் சிம்பிளுக்கு மாற்றினால் உடனே முடிந்துவிடுமே என்று யாரேனும் சொல்லக்கூடும். வட்டில் இடமே இல்லாத நெருக்கடியில் தவிர நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லாக் சங்கிலி (இடைவெளியின்றித் தொடரும் லாக் பேக்கப் வரிசை) அறுந்துவிடும், ஃபுல்லுக்குத் திரும்பிய பின் முழு அல்லது டிஃபரன்ஷியல் (கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும்) பேக்கப் எடுக்கும்வரை லாக் பேக்கப்பும் எடுக்க முடியாது.

அதேபோல் 1 ஜிபிக்குச் சுருக்கவும் வேண்டாம். அடுத்த இண்டெக்ஸ் ரீபில்டிலேயே (இண்டெக்ஸை முழுதாக மீண்டும் உருவாக்கும் வேலை) அது மீண்டும் வளரும். 2019 பதிப்பில் வளரும் பகுதி முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பப்பட்ட பிறகே எழுத முடியும் என்பதால், அதுவரை பரிவர்த்தனைகள் காத்து நிற்கும். முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வளர்ச்சி அளவு விழுக்காட்டில் இருந்தால் 512 எம்பி போன்ற நிலையான அளவுக்கு மாற்றுங்கள். சில நாள் கவனித்து, உச்சப் பயன்பாட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இலக்கை வையுங்கள். கட்டளையில் இலக்கு எம்பி கணக்கில் தரப்பட வேண்டும். 20 ஜிபி என்றால் 20480.