1979 திகதி போட்ட கடிதம்: மையைப் பரிசோதிக்க வழி தெரிந்தவை உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. நாங்கள் திருகோணமலை. அப்பப்பா நிலாவெளிக் காணிக்கு முழுக் காசும் வாங்கினதா எழுதிக் குடுத்தவர் எண்டு எதிர்த்தரப்பு ஒரு கைக்கடிதம் காட்டி வழக்குப் போட்டிருக்கினம். திகதி 1979.

சட்டத்தரணியோட போய் மூலப்பிரதியைப் பார்த்தன். அப்பப்பா குமிழ்முனைப் பேனையால அழுத்தி எழுதுறவர். அவற்ற பழைய கடிதங்களின்ர பின்பக்கத்தைத் தடவினா எழுத்து விரலில தட்டுப்படும். இதில ஒண்டும் தட்டுப்படேல்ல. மையும் கடுங்கறுப்பு, ஜெல் பேனை மாதிரி. ஜெல் மைப் பேனையை ஜப்பானின்ர சகுரா நிறுவனம் 1984இலதான் விற்பனைக்கு விட்டது!

புறஊதா லைட்டில தாள் நீலமா ஒளிருது. அப்பிடி ஒளிர வைக்கிறது தாளை வெண்மையாக்கும் இரசாயனம். ஆனா அதை 1950களிலேயே தாளில சேர்க்கத் தொடங்கீட்டினம். அதால அது சாட்சியாகாது, மைதான் எங்கட நம்பிக்கை.

நீதிமன்றக் கட்டளையோட அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு ஆவணம் அனுப்பின ஆரும் இருக்கிறீங்களா? எவ்வளவு காலம் எடுத்தது? ஒப்பிட எத்தனை கையெழுத்துக் கேட்டவை? மைக்காகத் தாளில துண்டு வெட்டுவினமா? ஓய்வுபெற்ற ஆவணப் பரிசோதகர் ஆரையும் தெரிஞ்சா தனிச்செய்தியில சொல்லுங்கோ. அடுத்த தவணைக்கு முதல் விண்ணப்பிக்கோணும். அப்பம்மா அந்தக் காணியிலதான் இருக்கிறா.