இரண்டு இடத்தில் வேலை, இரண்டிலும் வரி பிடிக்கவில்லை. இப்போது 58,080 ரூபாய் கட்டச் சொல்கிறது, என்ன செய்ய?

கப்பலூர் டிசைனர் | 23 ஆகஸ்ட் 2025

வணக்கம். பகலில் கப்பலூர் சிட்கோவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் வேலை, மாதம் 60,000. அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்ததால் 2024 ஏப்ரலில் இருந்து மதுரை அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே மாதம் 30,000.

இன்று 2024-25-க்கான வருமான வரி ரிட்டர்ன் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஐ.டி.ஆர்-1 படிவத்தில் இரண்டு சம்பளமும் தானாகவே வந்திருந்தன. கடைசியில் 58,080 ரூபாய் கட்ட வேண்டும் என்று காட்டுகிறது. இரண்டு இடத்திலும் தந்த ஃபார்ம் 16 சான்றிதழில் பிடித்த வரி பூஜ்யம் என்றுதான் இருக்கிறது. சம்பளச் சீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி பிடிப்பார்கள். அது வேறு வரி என்று தெரியாமல், அதைப் பார்த்து என் வரியெல்லாம் கட்டியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

அலுவலக நண்பர் ஒருவர், மையத்துச் சம்பளத்தை அழித்துவிட்டு கம்பெனிச் சம்பளத்தை மட்டும் போடு, ஒன்றும் வராது என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தொகை சரிதானா? கையில் 35,000 வரைதான் புரட்ட முடியும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

திருமங்கலம் கணக்கர் | 23 ஆகஸ்ட் 2025

தம்பி, முதலில் அந்த நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். மையத்துச் சம்பளம் உங்கள் ஏ.ஐ.எஸ். அறிக்கையில், அதாவது உங்கள் வருமானம் பற்றி வரித் துறையிடம் உள்ள பட்டியலில், ஏற்கெனவே ஏறியிருக்கிறது, அதனால்தான் படிவத்தில் தானாக வந்தது. தெரிந்தே மறைத்தால் வருமான வரிச் சட்டத்தின் 270ஏ பிரிவில் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட முடியும். உங்கள் மனம் ஒப்பாதது சரிதான்.

தொகையும் சரிதான். கம்பெனிக்கு உங்களுடைய 7,20,000 மட்டுமே தெரியும். நிலையான கழிவு 75,000 போக 6,45,000. கழிவுகளும் வரி வீதமும் குறைவாக உள்ள புதிய வரி முறையில் 7 லட்சம் வரை 87ஏ பிரிவில் தள்ளுபடி உண்டு, ஆக வரி இல்லை. மையத்துக்கு 3,60,000 மட்டுமே தெரியும். அவர்களும் 75,000 கழித்தார்கள். 2,85,000 என்பது 3 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பேருமே அவரவர் அளவில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நிலையான கழிவு ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், 3 லட்சம் வரை வரி இல்லை என்பதும் ஒரு தடவைதான். இரண்டையும் கூட்டினால் 10,80,000. ஒரு 75,000 கழித்தால் 10,05,000. அது 7 லட்சத்தைத் தாண்டுவதால் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடுகிறது. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 7 முதல் 10 வரை 10 சதவீதம், 30,000. மேலே உள்ள 5,000-க்கு 15 சதவீதம், 750. மொத்தம் 50,750, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், 2,030. ஆக 52,780.

மீதி சுமார் 5,300 வட்டி. ஆண்டு வரி 10,000-க்கு மேல் வந்தால் முன்கூட்டிய வரியாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் 2,660. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு 234பி பிரிவில் மாதம் 1 சதவீதம், 2,635. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம்தான். செப்டம்பர் 1 பிறந்தால் இன்னும் 527 ஏறும்.

சிம்மக்கல் டீச்சர் | 24 ஆகஸ்ட் 2025

தம்பி, ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஏ.ஐ.எஸ்.-இல் மையத்துப் பணம் 192, அதாவது சம்பளம் என்று இருக்கிறதா, 194ஜே என்று இருக்கிறதா? நான் மாலை வகுப்பு எடுத்த இடத்தில் சம்பளம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் 10 சதவீதம் பிடித்து 194ஜே-யில் காட்டியிருந்தார்கள். அப்படி இருந்தால் அது தொழில்முறைக் கட்டணம். 75,000 கழிவு அதற்குக் கிடையாது, ஐ.டி.ஆர்-1 போடவும் முடியாது.

கப்பலூர் டிசைனர் | 24 ஆகஸ்ட் 2025

அக்கா, இரண்டும் 192 என்றே இருக்கின்றன. ஐயா, கணக்கு இப்போதுதான் புரிந்தது, மிக்க நன்றி. எல்.ஐ.சி., பி.எஃப். சேர்த்து 80சி சேமிப்புக் கழிவு 1,50,000 முழுதாக வரும். வீட்டு வாடகைக்கு எச்.ஆர்.ஏ. விலக்கு ஒரு 84,000 வரும். பழைய முறைக்கு மாறினால் குறையுமா? இல்லாவிட்டால் மீதிக்கு நகையைத்தான் வைக்க வேண்டும்.

திருமங்கலம் கணக்கர் | 24 ஆகஸ்ட் 2025

ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், கெடு தேதிக்குள் போட்டால். ஆனால் உங்களுக்கு அது நஷ்டம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000 தான். அதோடு நீங்கள் சொன்ன இரண்டையும் கழித்தால் 7,96,000. 5 லட்சம் வரை 12,500, அதற்கு மேல் 20 சதவீதம் 59,200. செஸ் சேர்க்கும் முன்பே 71,700 ஆகிவிடுகிறது. 50,000 போக இன்னும் 3,38,750-க்கு மேல் கழிவு காட்ட முடிந்தால்தான் உங்கள் சம்பளத்துக்குப் பழைய முறை லாபம். புதிய முறையிலேயே இருங்கள்.

நகையை வைக்க வேண்டாம், மீட்டர் வட்டிக்காரர் பக்கம் போகவே வேண்டாம். கையில் உள்ள 35,000-ஐ 31-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். அது முதலில் வட்டிக்கும் பிறகு அசலுக்கும் போகும். அசலில் சுமார் 23,000 நிற்கும், அதற்குச் செப்டம்பர் மாத வட்டி 230 ரூபாய் போலத்தான் வரும். அரசாங்கம் கேட்கும் மாதம் 1 சதவீதத்துக்கு வெளியில் யார் தருவார்? மீதியை சம்பளம் வந்ததும் கட்டி, செப்டம்பர் 15-க்குள் ரிட்டர்ன் போடுங்கள். இந்த முறை கெடுவை ஜூலை 31-லிருந்து அதுவரை நீட்டியிருக்கிறார்கள். பணம் முழுதும் புரளாவிட்டாலும் ரிட்டர்னை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதமானால் 5,000 தாமதக் கட்டணம் தனியாக வரும்.

அப்புறம், சேமிப்புக் கணக்கு வட்டியைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

சிம்மக்கல் டீச்சர் | 24 ஆகஸ்ட் 2025

கட்டும்போது கவனம் தம்பி. வருமான வரித் தளத்தில் இ-பே டாக்ஸ் என்ற பகுதிக்குப் போய் 'சுய மதிப்பீட்டு வரி', அதாவது 300 என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 100 என்பது முன்கூட்டிய வரி, அது இல்லை. மதிப்பீட்டு ஆண்டு 2025-26, அதாவது 2024-25 நிதியாண்டில் சம்பாதித்ததற்கு. நான் போன முறை அவசரத்தில் ஒரு வருடம் முன்னால் உள்ளதைத் தொட்டுவிட்டேன். பணம் வங்கியில் இருந்து போய்விட்டது, ரிட்டர்னில் மட்டும் கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்தது. அதைச் சரிசெய்ய பீபிகுளம் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். யு.பி.ஐ.-யிலும் கட்டலாம். சலானில் உள்ள பி.எஸ்.ஆர். எண் (வங்கிக் கிளையின் எண்), தேதி, சலான் எண் மூன்றையும் ரிட்டர்னில் ஏற்ற மறக்காதீர்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். நான் ஒரு மாதம் தனியாக மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

கப்பலூர் டிசைனர் | 29 ஆகஸ்ட் 2025

35,000 கட்டிவிட்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த வருடமும் இப்படியே ஆகுமா என்பதுதான் இப்போது பயம். கம்பெனியில் ஏப்ரலில் இருந்து 72,000 ஆக்கியிருக்கிறார்கள். மையத்தில் செப்டம்பரில் இருந்து 40,000 தருவதாகச் சொல்கிறார்கள்.

திருமங்கலம் கணக்கர் | 30 ஆகஸ்ட் 2025

நல்ல வேளை இப்போதே கேட்டீர்கள். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, சம்பளக்காரருக்கு 75,000 சேர்த்து 12,75,000 வரை. மையத்தில் 30,000 என்றே இருந்தால் மொத்தம் 12,24,000. ஒரு பைசா வரி இல்லை. 40,000 ஆனால் ஏழு மாதத்துக்கு 70,000 கூடி 12,94,000. கழிவு போக 12,19,000. 12 லட்சம் என்ற வரம்பை 19,000 தாண்டுகிறீர்கள். வழக்கமான கணக்கில் வரி 62,850 வரும், ஆனால் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு வரம்பு இருப்பதால் 19,000-த்தோடு நிற்கும். செஸ்ஸோடு 19,760. கூடுதலாக வரும் 70,000-த்தில் கைக்கு நிற்பது 50,240. சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் 70,000-மும் உங்களுடையது என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள்.

இந்த வருடமும் இரண்டு இடத்திலும் வரி பிடிக்க மாட்டார்கள், தனித்தனியாகப் பார்த்தால் வரியே வராதே. அதனால் 12பி படிவத்தில் ஒரு இடத்துச் சம்பளத்தை எழுதி மற்ற இடத்தில் கொடுங்கள். யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கம்பெனியின் வேலை ஒப்பந்தத்தில் வெளி வேலைக்குத் தடை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். எப்படியானாலும் மையத்தில் கொடுப்பது உங்களுக்குச் சங்கடமில்லாதது. அவர்கள் இரண்டையும் கூட்டி மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். மறுத்தால் நீங்களே முன்கூட்டிய வரியாகக் கட்டிவிடலாம்.

கப்பலூர் டிசைனர் | 11 செப்டம்பர் 2025

ஐயா, அக்கா, வேலை முடிந்தது. வங்கி வட்டி 2,000 விட்டுப்போயிருந்தது, சேர்த்ததும் எல்லாம் கூடி 58,650 ஆனது. மீதி 23,650 கட்டி, இரண்டு சலானையும் ஏற்றி, ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்தாகிவிட்டது. மையத்தில் கணக்கு பார்க்கும் அம்மா 12பி என்ற படிவத்தைப் பார்த்ததே இல்லை என்றார். நானே அச்செடுத்து நிரப்பிக் கொடுத்தேன். செப்டம்பர் சம்பளத்தில் இருந்து பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இயற்பியல் எடுப்பவரும் காலையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார். அவருக்கும் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு போனார்.