ரிவெட் வரிசைக்குள் இருந்த வெள்ளைப் பொடி

ஓய்வு கொடுத்த பயணிகள் விமானங்களின் உடற்பகுதியை வெட்டிப் பிரித்து ஆராயும் குழுவில் சில வருஷம் இருந்தேன். அலுமினியம் துருப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்த முதல் தகடுதான் ஞாபகம் வரும்.

வெளியே பெயிண்ட் கூட உரியவில்லை. டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தபோதுதான் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கு நடுவில் தகடு தலையணை மாதிரி லேசாக உப்பியிருப்பது நிழலில் தெரிந்தது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இணைப்பு அது. உள்ளே போன ஈரம் சுலபத்தில் காயாது, அலுமினியத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அரித்து வரும் வெள்ளைப் பொடிக்கு, கரைந்த உலோகம் இருந்த இடத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். வேறு வழியில்லாமல் தகட்டைத்தான் தள்ளும். விமானம் சும்மா தரையில் நின்றாலும் ரிவெட் துளையைச் சுற்றி இழுவிசை ஏறியபடியே இருக்கும்.

சரி, பிரித்துவிடலாம் என்று ரிவெட்டுகளை முழுசாகத் துளைத்து எடுத்தோம். பெரிய தப்பு. ட்ரில் பிட் துளையின் ஓரத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டது, நாங்கள் தேடிய விரிசல் பிறக்கும் இடமே அந்த ஓரம்தான். மூன்று துளைகள் அப்படி வீணாகின. அப்புறம் ரிவெட்டை விடச் சின்ன பிட்டால் தலையை மட்டும் எடுத்துவிட்டு, தண்டைப் பஞ்ச் வைத்து மெதுவாகத் தட்டி வெளியே தள்ளினோம். தகடுகள் பிரிந்ததும் வெள்ளையும் சாம்பலுமாகப் பொடி, நகம் பட்டாலே உதிர்ந்தது. கழுவிப் பார்த்தால் அடியில் குழி குழியாக இருந்தது. நுண்ணோக்கியில் ஒரு துளையின் ஓரக் குழியிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று கிளம்பியிருந்தது, பக்கத்துத் துளையிலிருந்து இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி.

அதைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 243-ஆம் எண் விமானத்துக்கு நடந்தது இதுதான். 1969-ல் கட்டிய போயிங் 737, தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக 89,680 முறை பறந்தது. ஒவ்வொரு முறையும் கேபினில் அழுத்தம் ஏறி இறங்கும். இணைப்பில் தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், துளை துளையாக இருந்த சின்ன விரிசல்கள் ஒன்றுசேர்ந்து, 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரையே பிய்ந்துபோனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து கழுவுவதற்கு முன் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, துளை எண் எழுதித் தனி டப்பாவில் வையுங்கள். அதில் குளோரைடு இருக்கிறதா என்பதை வைத்தே உப்புக்காற்றா, வேறு ஈரமா என்று தேட ஆரம்பிக்க முடியும். முதல் தகட்டில் நாங்கள் அதையும் கழுவி விட்டுவிட்டோம்.