புதுப்பிப்பு: ரன்மா ½ என்ற ஜப்பானியக் காமிக்ஸைக் கடைசி வரை படித்தாயிற்று

பாதியில் நின்றபோது, "ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறதே, தொடரலாமா?" என்று இதே இழையில் கேட்டிருந்தேன். பலரும் "விடாதே" என்றீர்கள். 38 தொகுதிகளும் முடிந்தன. கடைசி அத்தியாயம் பற்றியும் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் இழுக்கிறது, அதில் மாற்றமில்லை. 1987 முதல் 1996 வரை வார இதழில் வந்த தொடர். புது வில்லன், புது வித்தை, அப்புறம் எல்லாம் பழையபடி. ஆனால் கடைசி வில்லன் சாஃப்ரனோடு நடக்கும் சண்டையில், தனக்கு நிச்சயிக்கப்பட்ட அகானே செத்துவிட்டாள் என்று நினைத்து நாயகன் ரன்மா உடைந்துபோகும் இடம் இருக்கிறதே, அதுவரை வாய் ஓயாமல் சண்டை போட்ட பையனா இவன் என்று ஆகிவிட்டது. பச்சைத்தண்ணீர் பட்டால் பெண், வெந்நீர் பட்டால் ஆண் என்ற அவன் சாபத்தின் வேடிக்கையெல்லாம் அங்கே மறந்தே போகிறது.

முடிவு? ரன்மா, அகானே கல்யாணமே ரணகளம். சாபம் தீர்க்க வந்த பீப்பாய்த் தண்ணீரைச் சாராயம் என்று நினைத்து ரன்மாவின் அப்பாவுக்குக் குருவான ஹப்போசாய் கிழவர் குடித்துத் தீர்க்கிறார். கல்யாணமும் நடக்கவில்லை, சாபமும் தீரவில்லை. எனக்கு இது பிடித்தது. இந்த இரண்டு பேரும் சமர்த்தாகக் கைகோத்து நின்றிருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும். அகானே மடியில் கொஞ்சும் பன்றிக்குட்டி, அதேபோல் தண்ணீர்ச் சாபம் உள்ள ரன்மாவின் போட்டியாளன் ரியோகாதான் என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியாமலே போனதுதான் உறுத்தல்.

அனிமே (இதே கதையின் கார்ட்டூன் தொடர்) கேட்டவர்களுக்கு: 2024இல் வந்த புதியதில் ரன்மா, அகானேவுக்குப் பழைய குரல்களேதான். அதிலிருந்து தொடங்குங்கள்.